அம்மைப்பாலும் மலைநாடும்

மன்னர் முடிசூடியதும் படைகள் பொருததும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டதுமே வரலாறு எனக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆயினும், மக்கட் கூட்டங்களின் வாழ்வை அவற்றினும் ஆழமாக மாற்றியவை கொள்ளைநோய்கள் என்பது இன்று யாவரும் ஒப்புக்கொண்ட உண்மையாகும். அந்நோய்களுள் தலையாயது வைசூரி எனப்படும் பெரியம்மை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், அட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாற்றோடு இந்நோயும் இதனைத் தடுத்த அம்மைப்பாலும் நெருங்கிப் பிணைந்துள்ளன. அம்மக்களின் முன்னோர் இந்நாட்டை நோக்கிப் புறப்பட்டபோது அவர்தம் உடலிற் பதிந்த அடையாளங்களுள் ஒன்று அம்மைத் தழும்பு. அத்தழும்பு ஏற்பட்ட வரலாறும், அதன்வழி உடல் கற்ற பாடம் யாது என்பதுபற்றி இக்கால விஞ்ஞானம் கண்டறிந்தனவும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

அம்மையும் அம்மனும்

வைசூரி கண்டவருள் நூற்றுக்கு முப்பதின்மர் வரை இறந்தனர். பிழைத்தோருட் பலர் முகத்தில் வடுவுடனும், சிலர் கண்ணொளி இழந்தும் வாழ்ந்தனர். இந்நோயைத் தமிழ் மக்கள் வெறும் நோயாகக் கருதவில்லை. அதனை 'அம்மை' என்றனர். உடலில் எழும் கொப்புளங்களை 'முத்து' என்றனர். நோயுற்ற வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர். மாரியம்மனே வந்து இறங்கியிருக்கிறாள் என்னும் எண்ணத்தால் நோயாளியின் முன் கடுஞ்சொற் கூறாதொழிந்தனர். இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அயலார் புகாமை ஒருவகையில் நோய் பரவாது காத்த முறையுமாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

இவ்வழக்கங்களுள் இன்னுமோர் உண்மையும் அடங்கியிருந்தது. ஒருமுறை அம்மை கண்டு பிழைத்தவருக்கு அது மறுமுறை வருவதில்லை என்பதை நாட்டுப்புற மக்கள் நன்கறிந்திருந்தனர். ஆதலால் நோயாளிக்குப் பணிவிடை செய்ய அம்மைத் தழும்புடையோரே ஏற்றவராயினர். உடல் தான் கண்ட பகையை மறப்பதில்லை என்னும் நிர்ப்பீடனவியலின் அடிப்படைக் கருத்து, அவ்வியல் தோன்றுமுன்பே மக்களின் அனுபவத்தில் வேரூன்றியிருந்தது. வங்கம், சீனம், துருக்கி முதலிய நாடுகளில் நோயாளியின் கொப்புளப் பொருளையே சிறிதளவாகப் பிறருக்கு ஏற்றும் முறை வழங்கியதும் இவ்வனுபவத்தின் பயனே. ஆயின் அம்முறை இடர் மிக்கது. ஏற்றிக்கொண்டோருட் சிலர் இறந்தனர். அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவவும் கூடும்.

அம்மைப்பால் வந்த வழி

1796ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் எட்வேட் ஜென்னர், பசுவிற்கு வரும் அம்மையின் பொருளை ஒரு சிறுவனின் கையில் ஏற்றி, பின்னர் அவனை வைசூரி பற்றாமையைக் கண்டார். 1798இல் அவர் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். ஐரோப்பா எங்கும் இம்முறை விரைந்து பரவியது. ஆயின் அதனைக் கீழைநாடுகளுக்குக் கொணர்தல் அரிதாயிற்று. கப்பலில் நெடுநாட் பயணத்தின்போது வெப்பத்தால் அம்மைப்பால் வலியிழந்துவிடும். ஈற்றில் வியன்னா, கொன்சுதாந்திநோப்பிள், பக்தாத்து, பசுரா என்னும் நகரங்களின் வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றப்பட்டு அது பம்பாயை அடைந்தது. அங்கே 1802ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆந் திகதி அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏற்றப்பட்டது. இந்தியாவில் அம்மைப்பால் முதன்முதற் பயனளித்தது அக்குழந்தையிடத்திலேயே.

அதே 1802ஆம் ஆண்டில் அம்மைப்பால் இலங்கைக்கும் வந்தது. அப்பொழுது இத்தீவின் கரையோர மாகாணங்களே ஆங்கிலேயர் வசம் இருந்தன. அவற்றின் மருத்துவத் தலைவராயிருந்த தோமஸ் கிறிஸ்ரி இதனைப் பரப்புவதில் முன்னின்றார். இலங்கையில் வைசூரி விளைத்த அழிவையும் அம்மைப்பால் புகுத்தப்பட்ட வரலாற்றையும் கூறும் நூல் ஒன்றை அவர் 1811இல் வெளியிட்டார். 1815இல் கண்டியரசு வீழ்ந்தபின் மலைநாட்டின் கதவு திறந்தது. சில பத்தாண்டுகளில் அங்குக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ் மக்கள் வரவழைக்கப்பட்டனர்.

தமிழ்மொழி இப்புதிய மருந்தைத் தன்னகத்தே ஏற்றுக்கொண்ட விதம் சிந்திக்கத்தக்கது. 'அம்மைப்பால்' என்னுஞ் சொல்லில் நோயின் பெயரும் தாயின் பெயரும் ஒருங்கே நிற்கின்றன. அம்மனுக்கு மாறானதாக அன்றி, அம்மனுடையதாகவே அம்மருந்தை மக்கள் பெயரிட்டு வழங்கினர். எனினும் எதிர்ப்பு இல்லாமலில்லை. கைக்குக் கை மாற்றும் பழைய முறையில் ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்தை ஏழாம் எட்டாம் நாளில் திறந்து, அதன் நீரை மற்றொரு குழந்தைக்கு ஏற்றுவர். தம் குழந்தையின் புண்ணைக் கிளறுவதைத் தாயர் விரும்பவில்லை. சாதி வேற்றுமை பாராட்டியோரும் தயங்கினர். கன்றின் உடலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் வழக்கிற்கு வந்தபின்னரே இவ்விடர் நீங்கியது.

வடபாதையும் முகாமும்

கோப்பிக் காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர் தோணிகளில் மன்னாரை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழி 100 மைலுக்கும் மேற்பட்டது. நீரின்மையாலும் பசியாலும் காய்ச்சலாலும், வாந்திபேதி, வைசூரி ஆகிய தொற்றுநோய்களாலும் பலர் அவ்வழியிலேயே மடிந்தனர். வழியிலிருந்த ஊரவர் இவர்களை நோயின் தூதுவரெனக் கண்டு அஞ்சினர். நோயுற்றோர் கூட்டத்தாற் கைவிடப்பட்டுத் தனியே கிடந்து இறந்ததும் உண்டு. அவ்வழி மலையைத் தொடும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் சிறப்புற்று விளங்குதல் பொருள் பொதிந்ததாகும்.

கோப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் தொழிலாளருட் பலர் ஊர் திரும்பினர். ஆகவே ஆண்டுதோறும் பல்லாயிரவர் வருவதும் போவதுமாக இருந்தனர். அவர்களோடு நோயும் வந்து போயிற்று. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி, அப்பயிர் அழிந்து, தேயிலை அதனிடத்தைப் பெற்றபின் நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. எனவே குடும்பங்கள் நிலையாகத் தங்கின. 1884இல் அட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதப் பாதை எட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாகிய லயத்து அறைகளில் குளிருக்கும் புகைக்கும் நடுவே குழந்தைகள் பிறந்து வளர்ந்தன. கப்பற்றுறையில் வந்திறங்குவோருக்கு மட்டும் அம்மை குத்தினால் போதும் என்னும் நிலை அத்துடன் முடிந்தது. தோட்டத்திற் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதனைக் குத்தவேண்டிய தேவை உண்டாயிற்று.

அரசு படிப்படியாகச் சட்டங்களை இயற்றியது. தோட்டப் பகுதிகளின் மருத்துவ வசதி குறித்து 1872இலும் 1880இலும் கட்டளைச்சட்டங்கள் பிறந்தன. அம்மை குத்துதல் பற்றிய கட்டளைச்சட்டம் 1886இல் வந்தது. 1896இல் பம்பாயிற் பிளேக்கு நோய் தோன்றியதும் அச்சம் பெருகியது. 1897இல் வடபாதை மூடப்பட்டுத் தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வரலாயினர். நோய்த்தடுப்புக்காக மக்களைத் தனிமைப்படுத்தும் கட்டளைச்சட்டமும் அவ்வாண்டிலேயே ஆக்கப்பட்டது. 2020இல் கொறோனா பரவியபோது இலங்கையிற் கையாளப்பட்டதும் அச்சட்டமே.

பின்னர் இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில் இலங்கை அரசின் முகாம் அமைந்தது. 1914இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதையும் இந்திய இலங்கைக் கப்பற் போக்குவரத்தும் தொடங்கியபின், மலைநாடு செல்வோர் பெரும்பாலும் மண்டபத்தின் வழியாகவே சென்றனர். அங்கே அவர்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். உடல் சோதிக்கப்பட்டது, அம்மை குத்தப்பட்டது, கொழுக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது.

அக்காலத்து மற்றோர் ஏற்பாடும் இங்குக் குறிக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆட்சேர்ப்பில் நிகழ்ந்த ஏமாற்றுகளைத் தவிர்ப்பதற்கெனத் தகரச்சீட்டு முறை புகுத்தப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளருக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு தகரத்துண்டு வழங்கப்பட்டது. அதனைப் பார்த்த அளவிலேயே அவர் எத்தோட்டத்துக்கு உரியவர், அவருடைய இலக்கம் யாது என்பது அலுவலருக்கு விளங்கும். அவர் பெயர் என்ன, எவ்வூரார் என்பனவற்றை அத்தகரம் கூறாது.

இவ்வேற்பாடுகள் யாவும் அருளால் மட்டும் விளைந்தன என்றல் பொருந்தாது. ஒரு தொழிலாளரைக் கொணரக் கங்காணிக்குக் கொடுத்த முற்பணம், அவர் வழியிலோ லயத்திலோ இறந்தால் வீணாகும். தோட்டத்தில் வைசூரி புகுந்தால் கொழுந்தெடுப்பு நின்றுவிடும். ஆகவே தோட்டத்துரையின் கணக்கேட்டிலும் அம்மைப்பாலுக்கு இடமிருந்தது. ஆயினும், நோக்கம் எதுவாயினும் பயன் மக்களைச் சேர்ந்தது. ஒரு கையில் ஏற்றிய அம்மைப்பால் அக்கைக்குரியவரோடு நில்லாமல், அடுத்த அறையிற் கிடந்த குழந்தையையும் காத்தது. நோய் பற்றுதற்கு ஆளில்லாதவிடத்து அது பரவ வழியில்லை அன்றோ?

உடல் அறிந்த அடையாளம்

அம்மைப்பால் எவ்வாறு காக்கின்றது என்பதை ஜென்னரும் அறியார், கிறிஸ்ரியும் அறியார், மண்டபத்தில் ஊசி குத்திய அலுவலரும் அறியார். அது முழுமையாக விளங்குதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.

வைசூரியை விளைப்பது ஒரு வைரசு. அது ஏறத்தாழ 200 வகைப் புரதங்களை ஆக்கவல்லது. அம்மைப்பாலிலுள்ளது வேறொரு வைரசு. எனினும் அதன் புரதங்கள் பல வைசூரி வைரசின் புரதங்களை மிகவும் ஒத்திருப்பன. கொடியது ஒன்றின் சாயலை நன்மையானது ஒன்று காட்டிக்கொடுத்தலே அம்மைப்பாலின் மருமம் எனலாம்.

உடலைக் காப்பவை குருதியிலும் நிணநீரிலும் உலவும் வெண்கலங்கள். அவற்றுள் ஒருவகையின 'பிறபொருளெதிரி' எனப்படும் புரதங்களைச் சுரக்கின்றன. பிறபொருளெதிரி, கலத்துக்கு வெளியே திரியும் வைரசின் மேற்புறத்தைப் பற்றி அதனைச் செயலறச் செய்யும். ஆயின் வைரசு கலத்துக்குள் நுழைந்தபின் பிறபொருளெதிரி அதனை எட்டமாட்டாது. அடைத்த கதவுக்குப் பின்னே கள்வன் புகுந்துவிட்டான். அவன் உள்ளிருப்பதை வெளியில் நிற்கும் காவலன் அறிவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கிடைத்தது. உடலின் கலங்கள் தம்முள் ஆகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக நறுக்குகின்றன. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் வரை கொண்ட அத்துண்டுகளை, அவற்றைத் தாங்குதற்கென அமைந்த வேறொரு புரதத்தின் பள்ளத்திற் பொருத்திக் கலத்தின் மேற்புறத்தில் நிறுத்துகின்றன. மண்டபத்திலிருந்து வந்த தொழிலாளர் தாங்கிய தகரச்சீட்டை இது ஒக்கும். உள்ளே யாது நடக்கின்றது என்பதை வெளியே அறிவிக்கும் சீட்டு அது. தைமசுச் சுரப்பியிற் பயின்று வெளிவரும் 'ரி-கலங்கள்' என்னும் வெண்கலங்கள் ஒவ்வொரு கலத்தையும் தொட்டு அச்சீட்டைப் படித்துச் செல்கின்றன. உடலுக்குரிய புரதத்தின் துண்டாயின் அமைதியாக அகல்கின்றன. வைரசின் துண்டாயின் அக்கலத்தையே அழித்து, வைரசு பெருகாது தடுக்கின்றன.

1974ஆம் ஆண்டளவில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பீற்றர் டோகேட்டி, றொல்வ் சிங்கர்நாகெல் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து, ரி-கலம் வைரசை மட்டும் தனியே காண்பதில்லை, உடலின் தாங்கு புரதத்தோடு சேர்த்தே காண்கின்றது என்று நிறுவினர். அதற்காக அவர்களுக்கு 1996இல் நோபற் பரிசு வழங்கப்பட்டது. 1986இல் அலன் ரவுண்செண்ட் என்பாரும் அவர்தம் குழுவினரும் எவரும் அறிந்த இன்புளுவென்சா வைரசை எடுத்துக்கொண்டனர். அவ்வைரசின் உட்புறப் புரதத்தின் ஒரு சிறு துண்டே ரி-கலத்துக்குப் போதிய அடையாளமாகும் என அவர்கள் காட்டினர். அடுத்த ஆண்டில் தாங்கு புரதத்தின் உருவமும், துண்டைப் பற்றிக்கொள்ளும் பள்ளமும் எக்சுக் கதிர்களின் துணையாற் கண்டறியப்பட்டன.

இத்தாங்கு புரதங்கள் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாக வருவன. அவை ஆளுக்காள் பெரிதும் வேறுபடுகின்றன. ஆகவே ஒரே வைரசின் ஒரு துண்டை ஒருவர் உடல் காட்டும். மற்றொரு துண்டை வேறொருவர் உடல் காட்டும். வைரசு தன் உருவை மாற்றி ஒருவர் கண்ணுக்குத் தப்பினும், எல்லார் கண்ணுக்கும் தப்புதல் அரிது. இவ்வேறுபாடு இனத்துக்கும் இனத்துக்கும் இடையே உள்ளதினும், ஒரே கூட்டத்து மக்களிடையே மிகுதி. ஒரு லயத்தின் பத்து அறைகளில் வாழ்வோர் பத்து வகையாகத் தம் பகையை அடையாளங் காண்பர். தகரச்சீட்டு எல்லாரையும் எண்ணாக்கியது. உடலோ ஒவ்வொருவரையும் தனித்தனி ஆளாகவே வைத்துக் காத்தது.

மறவாமை

நோய் ஒழிந்தபின் இக்கலங்களுட் பெரும்பகுதி மடிந்துபோகச் சிறுபகுதி எஞ்சி நிற்கும். அவை நினைவுக் கலங்கள் எனப்படும். அவை பல்லாண்டுகள் உடலிற் காத்திருந்து, அதே பகை மீண்டும் வரின் விரைந்து பெருகும். அமெரிக்காவின் ஒறிகன் மாநில விஞ்ஞானிகள் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்றாகும். அம்மை குத்தி 75 ஆண்டுகள் வரை சென்றோரை அவர்கள் சோதித்தனர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மருக்கு மேற்பட்டோரிடம் நிர்ப்பீடனம் எஞ்சியிருக்கக் கண்டனர். ரி-கலங்களின் தொகை 8 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவர, பிறபொருளெதிரிகளோ ஏறக்குறைய மாறாது நின்றன.

1977இல் சோமாலியாவில் ஒருவரை இயற்கையாகப் பற்றியதே வைசூரியின் இறுதி நிகழ்ச்சியாகும். 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நோய் உலகினின்றும் ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதன்பின் பிறந்தோர் கையில் அத்தழும்பைக் காண்டலரிது. இன்று தோட்டத்து முதியோர் கைகளிற் காணப்படும் வட்டத் தழும்புகளோடு அவ்வரலாறும் மறையத் தொடங்கிவிட்டது.

இனி, இவ்வரலாற்றின் மறுபுறத்தையும் நோக்குதல் கடன். மண்டபத்தில் இம்மக்களை எண்ணி, சோதித்து, அம்மை குத்தி, தகரச்சீட்டு அளித்த அரசியலமைப்பின் வழிவந்ததே 1948இல் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றிய அரசு. 1949ஆம் ஆண்டின் இந்தியர், பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எழுத்தறிவு எட்டாத லயங்களில் அத்தகைய சான்றுகளைப் பேணி வைத்திருந்தோர் எத்துணையர்? நுழைவாயிலில் நோயைத் தேடும்போது ஒருவரையும் தவறவிடாத கண், உரிமையை வழங்கும்போது பல்லாயிரவரைக் காணாதொழிந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974 வரை முடிவாகாது கிடந்தது. தாயகம் அனுப்பப்பட்டோருட் பலர் தலைமன்னாரிற் கப்பலேறி மண்டபத்தின் வழியாகவே திரும்பினர். பாட்டன் அம்மை குத்திக்கொண்ட முகாமிலேயே பேரன் அகதிபோல் வந்திறங்கிய நிலை அது. நாடற்றவராய் இலங்கையில் எஞ்சியோர் முழு உரிமை பெறுதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வைசூரியின் வரலாறு மலைநாட்டுக்கு உணர்த்துவன இரண்டு. நோயைத் தடுப்பது வாயிற்கதவு மட்டுமன்று. கடைசி லயத்துக் கடைசி அறைவரை செல்லும் மருந்தே நோயை ஒழிக்கின்றது. வந்தவர்மேற் பழி சுமத்திய காலத்தில் நோய் நின்றபாடில்லை. அவர்தம் குழந்தைகளுக்கும் மருந்து எட்டியபோதே அது நின்றது. இரண்டாவது, அடையாளங் காணுதல் இருவகைப்படும் என்பது. விலக்குதற்கெனக் காண்பது ஒன்று; காத்தற்கெனக் காண்பது மற்றொன்று. உடலின் கலங்கள் ஒவ்வொரு சீட்டையும் படித்து, தம்முடையாரை அமைதியாக விடுத்து, பகையை மட்டுமே அழிக்கின்றன. நாடுகளும் அவ்வொழுங்கிலே தம் மக்களை அறியுமாயின், தோட்டத்து முதியவளின் கையிலுள்ள அத்தழும்பு, அவள் இந்நாட்டாள் என்பதற்குப் போதிய சான்றாக என்றோ அமைந்திருக்கும்.